வீல் நட்டு வழுக்கினால், மரை போனால், ஸ்டட் உடைந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு வருடம் முன்பு, திண்டிவனம் தாண்டி, இரவு பதினோரு மணிக்கு என் காரின் பின்சக்கரம் பஞ்சர். ஸ்டெப்னி இருந்தது, அதில் காற்றும் இருந்தது, ஜாக்கியும் இருந்தது. நான்கு நட்டில் மூன்று கழன்றுவிட்டன. நான்காவது மட்டும், எல் ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தும் அசையவில்லை. கடைசியில் ஸ்பேனர் வழுக்கி, நட்டின் மூலைகள் தேய்ந்து அது உருண்டையாகிவிட்டது. பத்து நாள் முன்புதான் ஒரு கடையில் டயர் மாற்றியிருந்தேன். அங்கே ஏர் கன்னால் ‘டர்ர்ர்’ என்று நட்டை முடுக்கியதைப் பக்கத்தில் நின்று டீ குடித்தபடி நானே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அதில் எனக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு இந்த விஷயத்தைக் கொஞ்சம் தோண்டிப் படித்தேன், இரண்டு மூன்று பட்டறைகளில் உட்கார்ந்து பார்த்தேன். நண்பர்களும் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்ஆப் குழுவில் இருப்பவர்களும் என்னைத் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை.

நட்டு இறுக்கமாக இருந்தால் போதாதா? இதில் அளவு பார்க்க என்ன இருக்கிறது?

ஆணியில் சட்டை மாட்டியது போல ஸ்டட்டில் (சக்கரத்தின் துளை வழியாக வெளியே வரும், நட்டு ஏறும் மரை, அதாவது திருகு வரி, போட்ட தண்டு) சக்கரம் தொங்குகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். அது அப்படி இல்லை. நட்டை முடுக்கும்போது ஸ்டட் ஒரு ஸ்பிரிங்கைப் போல மயிரிழை அளவு நீள்கிறது. நீண்ட ஸ்டட் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுவிசைதான் சக்கரத்தை ஹப்போடு (சக்கரம் மாட்டும், அதோடு சேர்ந்து சுழலும் நடுப்பகுதி) சேர்த்து நசுக்கிப் பிடிக்கிறது. வண்டியின் எடையையும் பிரேக்கின் வேகத்தையும் தாங்குவது அந்தப் பிடியில் பிறக்கும் உராய்வு.

இந்தப் பிடி எவ்வளவு தெரியுமா? 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் சுத்தமான, உலர்ந்த மரையோடு 108 நியூட்டன் மீட்டர் (முடுக்கும் திருப்பு விசையின், அதாவது டார்க்கின், அலகு; இனி நி.மீ.) முடுக்கினால், ஒரு ஸ்டட் ஏறக்குறைய நாலரை டன் விசையோடு பிடிக்கும். நாலு ஸ்டட்டுக்குப் பதினெட்டு டன். ஒரு சின்னக் காரின் மொத்த எடையே ஒரு டன் சொச்சம்தான்.

நட்டு லூசாக இருந்தால் இந்தப் பிடி இல்லை. சக்கரம் அசைந்து அசைந்து ஸ்டட்டை வளைக்கும், கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கி உடைப்பது போல ஒருநாள் உடைக்கும். அளவுக்கு மேல் முடுக்கினால் ஸ்பிரிங் இழுபட்டு, திரும்பாத நிலைக்குப் போய்விடும். வெளியிலிருந்து பார்க்க நட்டு கல்லு மாதிரி இருக்கும், உள்ளே ஸ்டட் செத்துப்போயிருக்கும். இரண்டில் இரண்டாவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கிறது, ஏனென்றால் லூசாக விட்டால் கடைக்காரருக்குப் பயம், ஓவராக முடுக்கினால் யாரும் கேட்பதில்லை.

என் காருக்கு எவ்வளவு டார்க்?

வண்டியோடு வந்த கையேட்டில் சக்கரம் மாற்றும் பக்கத்தில் இருக்கும். அந்தப் பிளாஸ்டிக் உறையைப் பலர் பிரித்தே இருக்க மாட்டார்கள், இதற்காகவாவது பிரியுங்கள். ஒரு ஊகத்துக்காகச் சொல்கிறேன்: ஹோண்டா கார்களில் பலவற்றுக்கு 108, டொயோட்டாவில் பல மாடல்களுக்கு 103, ஹூண்டாயில் 107 முதல் 127 வரை, ஃபோக்ஸ்வேகன் போலோ வகையறாவுக்கு 120. மாருதியில் பழைய மாடல்கள் சிலவற்றுக்கு 85, புதியவற்றில் 100. ஒரே கம்பெனிக்குள்ளேயே இப்படி மாறுவதால், பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அலகில் ஒரு குழப்பம் வரும். 108 நி.மீ. என்பதும், 11 கிலோ-விசை மீட்டர் (kgf·m) என்பதும், 80 அடி பவுண்டு என்பதும் ஒன்றேதான். அமெரிக்க வீடியோவில் ‘80’ என்று கேட்டுவிட்டு, இங்கே டார்க் ரெஞ்சில் (வைத்த அளவு வந்ததும் ‘க்ளிக்’ கொடுக்கும் ஸ்பேனர்) 80 நி.மீ. வைத்தால் தேவையான அளவில் கால் பங்கு குறைந்துபோகும்.

அப்படியானால் ஏர் கன் போடுவதே தப்பா?

கழட்டுவதற்கு ஏர் கன் அருமையான சாதனம். நாள் முழுக்க நாற்பது சக்கரம் கழட்டும் பையனிடம் கையால் கழட்டு என்று சொல்வது நியாயமே இல்லை. பிரச்சினை மாட்டும்போதுதான். டயர் கடைகளில் புழங்கும் கன்களில் பல 500 நி.மீ.க்கு மேல் கொடுக்கக்கூடியவை. நமக்கு வேண்டியது நூறு, நூற்றுச் சொச்சம். டிரிகரை எத்தனை நொடி அழுத்துகிறார், கம்பிரஸரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு நட்டும் ஒவ்வொரு அளவில் போய் நிற்கும். காலையில் முதல் வண்டிக்கு ஒரு அளவு, கம்பிரஸர் இளைத்துப்போன மதியத்தில் வேறு அளவு.

நான் இப்போது கடையில் சொல்வது இவ்வளவுதான்: “தம்பி, கழட்ட கன் போட்டுக்கோ. மாட்டும்போது மட்டும் கையால நாலு சுத்து சுத்திட்டு, கன்னை லேசா ஒரு தட்டு தட்டி விட்டுடு. கடைசி முடுக்கு நான் ரெஞ்ச்ல போட்டுக்கறேன்.” முதல் தடவை ஒரு மாதிரி பார்த்தார்கள். இப்போது நான் போனாலே, “டார்க் சார் வந்துட்டார்” என்று சிரித்துக்கொண்டே கையால் சுற்றுகிறார்கள். பெயர் வைத்தது வைத்ததுதான், போகட்டும்.

சில நல்ல கடைகளில் கன்னுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே டார்க் ஸ்டிக் என்று ஒரு கம்பியை மாட்டுவார்கள். அது குறிப்பிட்ட அளவு வந்ததும் முறுகி நெகிழ்ந்து, மேற்கொண்டு விசை போகாமல் பார்த்துக்கொள்ளும். துல்லியம் என்று சொல்ல முடியாது. ஆனால் வெறும் கன்னைவிட எவ்வளவோ மேல்.

மரை எப்படிப் போகிறது? நட்டு சரியாகத்தானே ஏறியது?

மரை கழன்றவன் என்று மனிதனைத் திட்டுவோமே, அந்த மரை போவதற்கு முக்கியக் காரணம் நட்டு கோணலாக ஏறுவது. கையால் சுற்றும்போது கோணலாக ஏறினால் ஒன்றரைச் சுற்றிலேயே கைக்குத் தெரிந்துவிடும், இடித்துக்கொண்டு நிற்கும். ஏர் கன்னுக்கு அந்த உணர்ச்சி கிடையாது. இரும்பை இரும்பு வெட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். முடுக்கியவருக்கு ‘நல்லா டைட்டா ஏறிடுச்சு’ என்றுதான் தோன்றும்.

இரண்டாவது காரணம் இதைவிடக் கள்ளத்தனமானது. மாருதி சுசுகி, நிசான் கார்களில் வழக்கமாக 12 மில்லி ஸ்டட், மரைக்கு மரை இடைவெளி 1.25 மில்லி. ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டாவில் அதே 12 மில்லி ஸ்டட்தான், ஆனால் இடைவெளி 1.5. இரண்டு நட்டையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. தொலைந்த நட்டுக்குப் பதில் கடை டப்பாவில் கிடந்த ஏதோ ஒன்றை எடுத்து வைத்தால் ஒரு சுற்று, இரண்டு சுற்று ஏறும். அதற்குமேல் கையால் போகாது, கன்னால் போகும். போனது போனதுதான், ஸ்டட்டும் நட்டும் சேர்ந்து காலி.

எனவே ஒரே ஒரு சோதனை. ஒவ்வொரு நட்டும் வெறும் விரலால் கடைசி வரை, சக்கரத்தைத் தொடும் வரை, சுகமாக ஓட வேண்டும். விரலால் ஓடாத நட்டுக்கு ஸ்பேனர் போடக் கூடாது. எத்தனை சுற்று என்று எண்ணுவதும் நல்லது. ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது மரை பிடித்திருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 1.5 இடைவெளி உள்ள 12 மில்லி ஸ்டட்டுக்கு அது எட்டுச் சுற்று, 1.25க்கு பத்துச் சுற்று.

போலோ, ஸ்கோடா, பி.எம்.டபிள்யூ மாதிரி வண்டிகளில் ஸ்டட்டே கிடையாது. ஹப்பில் துளை, அதற்குள் போல்ட். அங்கே மரை போனால் போவது ஹப்பின் மரை. செலவு பல மடங்கு. அதனால் இந்த வண்டிக்காரர்கள் கையால் சுற்றும் விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். கழட்டிய சக்கரத்தை மாட்டும்போது, அதைத் தூக்கிப் பிடித்தபடி துளையைத் தேடுவது தனி வேதனை.

நட்டின் மூலை மழுங்கிவிட்டது, ஸ்பேனர் சுற்றுகிறது. எப்படிக் கழட்டுவது?

முதலில் அதே ஸ்பேனரை மேலும் நாலு தடவை போட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் உலோகம் போகிறது.

திண்டிவனத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு லாரி ஓரம் கட்டியது. ஓட்டுநர் இறங்கி வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். “பன்னெண்டு மூலை பாக்ஸ் போட்டீங்களா சார்? அது பாதி மூலையத்தான் புடிக்கும்.” தன் பெட்டியில் துழாவி, நட்டைவிட ஒரு நூல் சின்னதாக, ஆறு மூலை சாக்கெட் ஒன்றை எடுத்தார். நட்டின் மேல் வைத்து சுத்தியலால் நாலு போடு. சாக்கெட் நட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தது. நீள பைப் ஒன்றைச் சொருகி, குதிக்காமல், உடம்பை மெதுவாகச் சாய்த்தார். ‘டக்’ என்று துப்பாக்கி வெடித்த சத்தம். ஸ்டட்தான் உடைந்தது என்று நினைத்தேன். நட்டு விட்டுக்கொடுத்த சத்தம் அது. “ஏறிக் குதிச்சா நட்டு கேக்காது சார், ஸ்பேனர்தான் வளையும். நிதானமா அழுத்தம் கொடுக்கணும்” என்றார். காசு வாங்கவில்லை. டீயாவது சாப்பிடுங்கள் என்றதற்கு, விழுப்புரத்தில் சரக்கு இறக்க நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

என் எடை 78 கிலோ. முப்பது சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் நான் நின்றாலே கிட்டத்தட்ட 230 நி.மீ. வரும். அதற்கும் அசையவில்லை என்றால், பத்தே நாள் முன்பு மாட்டிய அந்த நட்டு எந்த லட்சணத்தில் முடுக்கப்பட்டிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். என் காரின் கையேட்டில் இருக்கும் அளவு 100.

பட்டறையில் என்றால் வேறு வழிகளும் உண்டு. மழுங்கிய நட்டுக்கென்றே உள்பக்கம் சுருள் பல் வைத்த சாக்கெட் கிடைக்கிறது. கழட்டும் திசையில் திருப்பத் திருப்ப இன்னும் அழுத்தமாகக் கடிக்கும். அதுவும் முடியவில்லை என்றால் நட்டின் மேல் இன்னொரு நட்டை வெல்டு வைத்துக் கழட்டுவார்கள், அல்லது உளியால் பிளப்பார்கள். அலாய் வீலில் உளியும் வெல்டும் கடைசி வழியாக மட்டும் இருக்கட்டும். கேஸ் வைத்துச் சூடுபடுத்துகிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். பக்கத்திலேயே பேரிங் கிரீஸ், ஏபிஎஸ் சென்சார், டயர் எல்லாம் இருக்கின்றன.

கழட்டிய நட்டைத் திரும்ப மாட்டாதீர்கள். அந்த ஸ்டட்டையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

நட்டு பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஸ்பேனர் நுழையவே மாட்டேன் என்கிறது. ஏன்?

பளபளவென்று குரோம் தொப்பி போட்ட நட்டாக இருக்கும். உள்ளே ஒரு இரும்பு நட்டு, அதன் மேல் மெல்லிய தகடு போர்த்தியிருப்பார்கள். இடையில் தண்ணீர் புகுந்து துருப்பிடித்தால் தகடு உப்பிக்கொள்ளும். 19 மில்லி சாக்கெட் நுழையாது, 20 லொடலொடக்கும். ஃபோர்டு வண்டிக்காரர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ஒரே துண்டாகச் செய்த நட்டுக்கு மாறிவிடுவதுதான் தீர்வு. நாலு சக்கரத்துக்கும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

ஸ்டட் உடைந்துவிட்டது. அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா?

ஒன்று உடைந்தது, உடனே கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றால் அதை மாற்றினால் போதும். ஒன்று உடைந்த நிலையில் நாள்கணக்கில் ஓட்டியிருந்தால், அதன் சுமையை இரண்டு பக்கத்து ஸ்டட்களும் வாங்கியிருக்கும். அவற்றையும் மாற்றுவது நல்லது. ஒரே சக்கரத்தில் இரண்டு உடைந்தால் யோசிக்க வேண்டாம், அந்தச் சக்கரத்தில் அத்தனையும் புதிது. ஸ்டட் பெரிய விலை கிடையாது, கூலிதான் செலவு. டிரம்மையோ டிஸ்க்கையோ கழட்டி, பழையதைப் பின்னால் தட்டி எடுத்து, புதியதை உள்ளே இழுத்து உட்கார வைக்க வேண்டும். சில வண்டிகளில் முன்சக்கரத்தில் பின்னால் இடம் போதாமல் ஹப்பையே இறக்க வேண்டிவரும்.

லேத் பட்டறையில் கடைந்து தருகிறேன், வெல்டு வைத்துத் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். ஸ்டட் சாதாரண இரும்பில்லை, பதம் ஏற்றிய எஃகு. வெல்டு சூட்டில் அந்தப் பதம் போய்விடும்.

ஒரு நட்டு இல்லாமல் ஓட்டலாமா?

பக்கத்துக் கடை வரை, மெதுவாக. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது கூடாது. நாலு நட்டு வண்டியில் ஒன்று போனால் பிடியில் கால் பங்கு போகிறது. அவசரத்துக்கு மற்ற சக்கரத்தில் ஐந்து நட்டு இருந்தால் ஒன்றைக் கடன் வாங்கும் யோசனையும் எனக்கு உவப்பில்லை. ஒரு பள்ளத்தை மூட இரண்டு பள்ளம் தோண்டுவது அது.

அடுத்த தடவை சுலபமாகக் கழல கொஞ்சம் கிரீஸ் தடவி விடட்டுமா?

நல்ல எண்ணம்தான், விளைவு மோசம். நாம் முடுக்கும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கப் போகிறது. மிச்சமெல்லாம் நட்டின் முகத்திலும் மரையிலும் உராய்விலேயே தீர்ந்துவிடும். எண்ணெயோ கிரீஸோ அந்த உராய்வைக் குறைத்துவிட்டால், அதே 108 நி.மீ.க்கு ஸ்டட்டின் இழுவை மூன்றில் ஒரு பங்கு வரை கூடிவிடலாம். ரெஞ்ச் சரியான அளவு காட்டும், ஸ்டட் மட்டும் தாங்காமல் நீளும். டொயோட்டா கையேட்டில் எண்ணெய், கிரீஸ் போடாதே என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள்.

துருப்பிடித்த நட்டைக் கழட்ட டபிள்யூ டி 40 அடிக்கலாம். மாட்டும்போது துடைத்துவிட்டு மாட்டுங்கள். மரையில் துரு, மண் இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் துருத் தொல்லை கூடுதல்தான். அங்கேயும் கிரீஸுக்குப் பதிலாக, ஆறு மாதத்துக்கு ஒருதடவை கழட்டி மாட்டுவதே பழுதில்லாத வழி.

எந்த வரிசையில் முடுக்க வேண்டும்?

நாலு நட்டு என்றால் எதிரெதிராக, சிலுவை போல. ஐந்து என்றால் ஒன்று விட்டு ஒன்று, நட்சத்திரம் வரைவது போல. ஆறு என்றால் மறுபடி எதிரெதிர். கடிகாரச் சுற்றில் வரிசையாக முடுக்கினால் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடும்.

ஜாக்கியில் இருக்கும்போதே எல்லாவற்றையும் கையால் ஓட்டி, ஸ்பேனரால் சக்கரம் ஹப்பில் அமரும் அளவு லேசாக முடுக்குங்கள். அப்புறம் டயர் தரையைத் தொட்டு உருளாமல் நிற்கும் அளவுக்கு இறக்கி, பாதி டார்க்கில் ஒரு சுற்று, முழு டார்க்கில் இன்னொரு சுற்று. கழட்டும்போதும் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிட்டுத்தான் ஜாக்கி போட வேண்டும். ஜாக்கி மேல் நிற்கும் வண்டியில் ஸ்பேனரை மிதித்து உலுக்குவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மாட்டுவதற்கு முன் ஹப்பின் முகத்தையும் சக்கரத்தின் உள்முகத்தையும் ஒரு தடவை துடையுங்கள். நடுவே ஒரு துருச் செதில் மாட்டினால் இன்றைக்கு டார்க் சரியாக இருக்கும். நூறு கிலோமீட்டரில் அது நொறுங்கிப்போய், அந்த மயிரிழை இடைவெளியில் ஸ்டட்டின் இழுவையும் போய்விடும்.

ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி பார்க்கச் சொல்கிறார்களே, அவசியமா?

அவசியம். மேலே சொன்ன துரு, புது அலாய், புதிதாக அடித்த பெயிண்ட், எல்லாமே ஓட ஓட அமுங்கி அமரும். அதிலும் சக்கரத்துக்குப் பவுடர் கோட்டிங் செய்திருந்தால், நட்டு உட்காரும் குழியில் பெயிண்ட் இருக்கவே கூடாது, சுரண்டிவிடுங்கள்.

பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். டயர் ஆறியிருக்கும்போது ரெஞ்சைச் சரியான அளவில் வைத்து ஒவ்வொன்றாக ‘க்ளிக்’ கேளுங்கள். இங்கே ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. நட்டு நகராமலே க்ளிக் வந்தால் அது குறைந்தபட்சம் அந்த அளவில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். 300 நி.மீ.யில் முடுக்கிய நட்டும் 100க்கு நகராமல் க்ளிக் கொடுக்கும். டயர் கடையில் கன் போட்டு முடுக்கியிருந்தால், ஒவ்வொன்றாகத் தளர்த்தித் திரும்ப முடுக்குவதுதான் சரி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தளர்த்திவிடாதீர்கள்.

லூசாக இருந்தால் ஓட்டும்போது தெரியுமா?

பெரும்பாலும் தெரியும். மெதுவாகத் திரும்பும்போது ‘டொக் டொக்’ என்று ஒரு சக்கரத்திலிருந்து சத்தம், வேகத்தோடு சேர்ந்து கூடும் ஆட்டம், ஸ்டியரிங்கில் நடுக்கம். டயர் மாற்றிய ஓரிரு நாளில் புதிதாக ஏதாவது சத்தம் வந்தால் பாட்டுச் சத்தத்தைக் கூட்டாமல் ஓரம் கட்டிவிடுங்கள். நட்டைச் சுற்றித் துரு ஒழுகிய கோடு, துளையைச் சுற்றிப் பெயிண்ட் போய்ப் பளபளக்கும் வளையம் இரண்டுமே சக்கரம் அசைந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. துளை முட்டை வடிவத்துக்கு நீண்டிருந்தால் அந்தச் சக்கரத்தை எடைக்குப் போட வேண்டியதுதான்.

டயர் மாற்றியதிலிருந்து பிரேக் மிதித்தால் அதிர்கிறது. நட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். நட்டுகள் ஏற்ற இறக்கமாக முடுக்கப்பட்டால், சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே சிக்கியிருக்கும் பிரேக் டிஸ்க்கும் கொஞ்சம் கோணலாகிறது. சுற்றும்போது ஒரே இடம் பிரேக் பேடில் உரசி உரசி அங்கே மட்டும் தேயும். பல நூறு கிலோமீட்டர் கழித்துத்தான் மிதியில் துடிப்பு வரும், அதற்குள் நட்டை நாம் மறந்துவிடுவோம். டிஸ்க்கை மாற்றச் சொல்லும் முன், நட்டுகளைத் தளர்த்தி ஒரே அளவில் முடுக்கிப் பாருங்கள். செலவில்லாத சோதனை. ஏற்கெனவே டிஸ்க் தேய்ந்திருந்தால் இது மட்டும் சரி செய்யாது.

அலாய் வீல் வாங்கினேன். பழைய நட்டையே போடலாமா?

நட்டின் அடிப்பக்கம் சக்கரத்தில் எப்படி உட்காருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். மூன்று வகை உண்டு: கூம்பு, உருண்டை, தட்டை வாஷர். கடையில் விற்கும் பெரும்பாலான அலாய்களுக்குக் கூம்பு வகை வேண்டும். ஹோண்டா கார்களின் ஒரிஜினல் நட்டு உருண்டை. அந்த உருண்டை நட்டைக் கூம்புக் குழியில் வைத்தால் முழு முகமும் படியாமல் ஒரு மெல்லிய வளையம் மட்டும் தொடும். டார்க் வைத்து முடுக்கினாலும் கொஞ்ச நாளில் அந்த வளையம் அமுங்கி, நட்டு லூசாகும். பழைய டொயோட்டா அலாய்கள் சிலவற்றுக்கு நீளக் கழுத்தும் வாஷரும் உள்ள நட்டு. அதைக் கூம்புக் குழியில் போடவே முடியாது, போட்டாலும் போடக் கூடாது.

சக்கரத்தோடு சேர்த்து நட்டும் வாங்குங்கள், மரை இடைவெளியைச் சொல்லி வாங்குங்கள். பழைய இரும்புச் சக்கரம் ஸ்டெப்னியாக டிக்கியில் இருக்கிறது என்றால் அதற்குரிய நட்டு நான்கை ஒரு பையில் போட்டு அங்கேயே வையுங்கள். இதை மறந்துவிட்டு நடுரோட்டில் நின்ற ஆள் எங்கள் வீட்டிலேயே ஒருவர் உண்டு. மைத்துனர் படிப்பார் என்பதால் மேலே எழுதவில்லை.

டார்க் ரெஞ்ச் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வருடத்துக்கு இரண்டு தடவை சக்கரத்தைத் தொடுபவர் என்றால் வாங்கலாம். அரை அங்குல டிரைவ், 40 முதல் 200 நி.மீ. வரை போகும் க்ளிக் வகை போதும். சில ஆயிரம் ரூபாயில் வருகிறது. கைப்பிடியின் நடுவில் பிடித்து நிதானமாக இழுங்கள். ஒரு க்ளிக், அத்தோடு நிறுத்துங்கள். சந்தேகத்துக்கு இன்னொரு க்ளிக் என்று இழுத்தால் அளவு தாண்டிவிடும். வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைக்க வேண்டும். அதை வைத்து நட்டைக் கழட்டக் கூடாது.

இல்லாதவர்களுக்கு ஒரு கைவைத்தியம் உண்டு. விமானப் பயணத்துக்குப் பெட்டி எடை போடும் லக்கேஜ் தராசை ஸ்பேனரின் நுனியில் மாட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தாக இழுங்கள். நட்டின் நடுவிலிருந்து கொக்கி வரை 30 சென்டிமீட்டர் இருந்தால், 108 நி.மீ.க்கு ஏறக்குறைய 37 கிலோ காட்ட வேண்டும். 45 சென்டிமீட்டர் என்றால் 24, 25 கிலோ. துல்லியமான கருவிக்கு இது ஈடில்லை, ஆனால் ஸ்பேனர் மேல் ஏறி நிற்பதற்கு எவ்வளவோ தேவலை.

லாக் நட்டு போட்டிருக்கிறேன், கவனிக்க வேண்டியது என்ன?

சக்கரத் திருட்டைத் தடுக்கப் போடும் இந்த நட்டு, அதற்கென்றே வரும் சாவி சாக்கெட்டில்தான் கழலும். அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிய வேண்டும். கடையில் அந்தச் சாவியை ஏர் கன்னில் மாட்ட விடாதீர்கள், பல் உடையும். வேலை முடிந்து கிளம்பும்போது சாவியைத் திரும்ப வாங்கினோமா என்று பாருங்கள். பாதி சாவிகள் தொலைவது டயர் கடை மேஜையில்தான்.

நட்டெல்லாம் கழட்டிவிட்டேன், சக்கரம் வரவே மாட்டேன் என்கிறது.

ஹப்பின் நடுவளையத்தில் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. நட்டுகளைக் கையால் இரண்டு மூன்று மரை திரும்ப ஏற்றிவிட்டு, டயரின் பக்கவாட்டில் உள்ளங்காலால் இடமும் வலமும் மாற்றி மாற்றி உதையுங்கள். நட்டு இருப்பதால் சக்கரம் பிய்த்துக்கொண்டு மேலே விழாது. வண்டிக்கு அடியில் நுழைந்து பின்னாலிருந்து அடிக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

கடையில்தான் மரையைக் கெடுத்தார்கள். கேட்டால், ‘ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது’ என்கிறார்கள்.

நிரூபிப்பது கஷ்டம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நானும் திண்டிவனத்துக்குப் பிறகு அந்தக் கடைக்குப் போய்க் கேட்டேன், இதே பதில்தான். சக்கரம் கழட்டும் முன் நாலு பக்கமும் நட்டு தெரியப் போனில் படம் எடுத்துவைப்பது, பில்லை வாங்கி வைப்பது, கிளம்பும் முன் கடையிலேயே வைத்து ஒரு நட்டைக் கையால் கழட்டிப் பார்ப்பது, இவை மூன்றும் பிறகு வாய்ச்சண்டையைக் குறைக்கும். பெரிய தொகை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். இரண்டு ஸ்டட்டுக்காக அவ்வளவு தூரம் போவீர்களா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. நான் போகவில்லை, கடையை மாற்றிவிட்டேன்.

சில லாரி, பஸ் சக்கரங்களில் நட்டுக்கு நட்டு மஞ்சள் அம்பு மாட்டியிருக்கிறதே, அது எதற்கு?

முடுக்கி முடித்ததும், பக்கத்துப் பக்கத்து அம்புகள் ஒன்றையொன்று பார்க்கும்படி மாட்டுவார்கள். ஏதாவது ஒரு நட்டு கொஞ்சம் திரும்பினாலும் அந்த அம்பு வரிசை கலைந்து காட்டிக்கொடுக்கும். ஓட்டுநர் டீக்கடையில் இறங்கும்போது சுற்றி வந்து ஒரு பார்வை பார்த்தால் போதும். காருக்கு அம்பு வேண்டியதில்லை. டார்க் வைத்து முடித்த கையோடு, நட்டிலிருந்து சக்கரம் வரை பெயிண்ட் மார்க்கரால் ஒரு சின்னக் கோடு இழுத்துவிடுங்கள். என் வண்டியில் வெள்ளைக் கோடு இருக்கிறது. தினமும் காலையில் கதவைத் திறக்கும்போது கண் தானாக அங்கே போய்விட்டு வருகிறது.